ஒலியின் ஏற்ற இறக்கமும் எட்டயபுரத்துக் குறிகளும்

ஆடித் தபசுத் திருவிழாவுக்காகச் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர், ஒருநாள் மாலை என் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து தம் மடிக்கணினியைத் திறந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியின் சேர்ந்திசைக் குழுவைப் பயிற்றுவிப்பவர் அவர். எங்கள் ஊர்க் கோமதியம்மன் சந்நிதியில், இரவில் பள்ளியறை வழிபாட்டின்போது நாகசுரத்தில் இசைக்கப்பெறும் நீலாம்பரித் தாலாட்டைப் பத்து வயலின்களும் இருபது குரல்களும் சேர்ந்து இசைக்கத்தக்கவாறு எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவதற்கு அவர் கைக்கொண்டது தாளும் பேனாவும் அல்ல. இசைக்குறி எழுதும் கணினி மென்பொருள்.

திரையில் ஐந்து கோடுகள், அவற்றின்மேல் ஸ்வரங்கள், அவற்றுக்குக் கீழே, ஒரு முனையில் கூடி மறுமுனையில் விரியும் இரண்டு நீண்ட கோடுகள். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அந்தக் கொண்டை ஊசியின் பெயரையே மேல்நாட்டார் இக்குறிக்கும் இட்டிருக்கிறார்கள். கூடிய முனையிலிருந்து விரிந்த முனைக்குச் சென்றால் ஒலி சிறுகச் சிறுக ஓங்க வேண்டும். விரிந்த முனையிலிருந்து கூடிய முனைக்குச் சென்றால் ஒலி சிறுகச் சிறுக அடங்க வேண்டும். முன்னதைக் கிரெஷெண்டோ என்றும் பின்னதை டிமினுவெண்டோ என்றும் இத்தாலிய மொழிச் சொற்களால் வழங்குவர்.

“குறி நீள்கிறது, ஐயா; ஒலி அசையவில்லை” என்றார் அவர். இசைக்கச் செய்து காட்டினார். உண்மைதான். நான்கு அட்சரம் நின்று அடங்க வேண்டிய ஒரு நீண்ட ஸ்வரம் சிறிதும் குறிப்பின்படி நடவாமல் தன்போக்கில் ஒலித்து ஓய்ந்தது. பிறகு அவர் கேட்ட கேள்விதான் இன்றைய பேச்சுக்கு வித்து: “நம் சங்கீதத்தில் இந்தக் குறிக்கு ஈடான ஒன்று உண்டா?”

உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால், எந்த ஊரில் சென்று தேட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. எங்கள் ஊரிலிருந்து கழுகுமலை, கோவில்பட்டி வழியாகக் கிழக்கே சென்றால் எட்டயபுரம். கரிசல் நிலத்துச் சிற்றூர் அது. பாரதியார் பிறந்த ஊர் என்று எல்லோரும் அறிவர். முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் உடல் நீத்த ஊரும் அதுவே. அவருடைய சமாதி அங்கே இருக்கிறது. இவ்விரண்டினும் குறைவாக அறியப்பட்ட மூன்றாவது பெருமை ஒன்று அவ்வூருக்கு உண்டு. 1904ஆம் ஆண்டில், அங்கேயே, ஜமீனைச் சேர்ந்த வித்யா விலாஸினி அச்சுக்கூடத்தில் அச்சாகி வெளிவந்தது ‘சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ என்னும் மாபெரும் நூல். தென்னாட்டு இசையின் அசைவுகளைத் தாளில் பிடித்து நிறுத்துவதற்கு அதனினும் பெரிய முயற்சி அதற்குமுன் நடந்ததில்லை.

அந்நூலுக்குச் செல்லுமுன் கொண்டை ஊசிக் குறியின் பிறப்பைச் சற்றே காண்போம்.

ஐரோப்பியர் தம் இசையைக் கோடுகளின்மேல் எழுதும் முறையைப் பதினோராம் நூற்றாண்டில், கீதோ என்னும் இத்தாலியத் துறவியின் காலத்தில் செம்மைப்படுத்தினர். எந்த ஸ்வரம் என்பதை அக்கோடுகள் காட்டின. எவ்வளவு ஓசையுடன் என்பதைப் பல நூற்றாண்டுகளாக எவரும் எழுதவில்லை. 1597ஆம் ஆண்டில், வெனிஸ் நகரத்துத் தேவாலய இசைஞரான ஜொவான்னி கப்ரியேலி வெளியிட்ட ஒரு தொகுதியில், ‘மென்மையாக’, ‘ஓங்கி’ என்னும் பொருள்படும் இத்தாலியச் சொற்கள் இன்னின்ன கருவி இன்னின்ன இடத்தில் என்று வகுத்து எழுதப்பட்டிருக்கின்றன. அங்கும் படிகள் இரண்டே; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டுமே தவிர, நடந்து செல்ல வழியில்லை. படிப்படியாக ஏறுவதற்குரிய ஆப்பு வடிவக் குறியை, நேப்பிள்ஸ் நகரத்து வயலின் கலைஞர் பியானி என்பவர் 1712ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் அச்சிட்ட தம் நூலில் கையாண்டார். புதிய குறி ஆதலால் அதன் பொருளை நூலின் முகப்பிலேயே விளக்கவும் செய்தார். வயலின் வில்லைப் பிடித்தவர் ஒருவர் இக்குறியைக் கையாண்டதில் வியப்பில்லை. வில் ஒன்றே போதும், ஒரே ஸ்வரத்தைச் சிறு முணுமுணுப்பாகத் தொடங்கி முழக்கமாக வளர்த்து மீண்டும் முணுமுணுப்பாக முடிப்பதற்கு.

அந்நூற்றாண்டின் நடுவிலே, ஜெர்மானிய நாட்டு மன்ஹைம் அரசவையின் பெரிய வாத்தியக் குழு, அனைவரும் ஒருங்கே ஓங்கி ஒருங்கே அடங்கும் திறத்தால் புகழ் பெற்றது. ஐம்பதுபேர் அமர்ந்து வாசிக்கும் இடத்தில் ஒருவர் ஓங்கும்போது மற்றொருவர் அடங்கினால் காரியம் கெட்டுவிடும். ஆகவே எழுதியே தீர வேண்டிய நிலை வந்தது. ஒரே குருவின் வாய்மொழியைக் கேட்டறியாத பலர் ஒரே நேரத்தில் ஒரே செயலைச் செய்ய வேண்டி வரும்போதுதான் குறி பிறக்கிறது. இசைக்கு மட்டுமன்று, படைக்கும் ரயில் போக்குவரத்துக்கும்கூட இது பொருந்தும் என்று தோன்றுகிறது. நிற்க.

எட்டயபுரத்துக்கு வருவோம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரசவையில் வித்வானாக விளங்கியவர். இளமையில் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அக்கருவியை நம் இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். 1858இல் காலமானார். அவருடைய மகள் வயிற்றுப் பேரரே சுப்பராம தீட்சிதர். 1839இல் பிறந்த இவரைப் பாட்டனார் தம் மகனாகச் சுவீகாரம் செய்துகொண்டு எட்டயபுரத்தில் வளர்த்தார். குடும்பச் சொத்தாக இவருக்கு வந்தது நிலமன்று, நீச்சன்று. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள், வேங்கடமகியின் ‘சதுர்தண்டி ப்ரகாசிகை’ ஏட்டுச்சுவடி, வீணைப் பயிற்சி, எண்ணற்ற பழைய கீதங்களும் வர்ணங்களும். பெரும்பகுதி ஏட்டில் இருந்ததைவிட நினைவில் இருந்தது என்றே கொள்ள வேண்டும். அறுபது வயதான ஒருவரின் நினைவில் மட்டும் ஒரு கலை தங்கியிருக்கிறது என்றால், அது எவ்வளவு நாளைக்கு? இவ்வினாவை எழுப்பியவர் தீட்சிதர் அல்லர். அவருக்கு முற்றிலும் வேறான ஒரு சூழலில் வாழ்ந்த மனிதர்.

அவர் பெயர் ஏ. எம். சின்னசாமி முதலியார். சென்னையில் அரசாங்கத் தலைமைச் செயலகத்தில் அலுவல் பார்த்தவர், எம்.ஏ. பட்டம் பெற்றவர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். மேல்நாட்டு இசையெழுத்தை நன்கு கற்றிருந்த அவர், நம் இசை முழுவதையும் ஐந்து கோட்டு முறையில் எழுதி உலகோர் அனைவரும் படிக்கச் செய்யலாம் என்று நம்பினார். தியாகராஜ சுவாமிகளின் மாணவர் பரம்பரையில் வந்த வாலாஜாபேட்டைக் கிருஷ்ணசாமி பாகவதரைப் பாடச்செய்து, கேட்டுக் கேட்டு எழுதினார். 1893ஆம் ஆண்டில் அம்முயற்சியின் பயனை ஆங்கிலத்தில் வெளியிடவும் செய்தார். கைப்பொருளைச் செலவிட்டார். கண்பார்வையும் மங்கியது.

சுப்பராம தீட்சிதரைக் கண்டு அவரிடமிருந்த செல்வத்தை உணர்ந்த முதலியார், அதை நூலாக்கும்படி விடாது வேண்டினார். தீட்சிதருக்குத் தயக்கம். குருவின் முன் அமர்ந்து கற்க வேண்டியதைக் கடைத்தெருவில் விற்பதா என்று அக்காலத்து வித்வான்கள் பலரும் எண்ணினர். 1899இல் முதலியார் எட்டயபுரம் சென்று அரசர் ஜகத்வீரராம வேங்கடேசுவர எட்டப்பரிடமே விண்ணப்பித்துக்கொண்டார். அரசர் இசைந்து செலவை ஏற்றார். அரசர் கட்டளையை அவைக்களத்து வித்வான் மறுக்க இயலாதன்றோ? இவ்வாறு ஒரு கிறிஸ்தவ அலுவலரின் வேண்டுகோளும் ஒரு ஜமீன்தாரின் பொருளும் ஒரு ஸ்மார்த்த வித்வானின் நினைவாற்றலும் கூடி அந்நூலை ஆக்கின. தெலுங்கு மொழியில், தெலுங்கு எழுத்தில் வெளிவந்த அந்நூலின் பக்கங்கள் ஆயிரத்தைந்நூறுக்கு மேல். எழுபத்திரண்டு மேள முறையில் இராகங்களின் இலக்கணம், முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள், இன்னும் பலருடைய உருப்படிகள், வாக்கேயகாரர்களின் வரலாறுகள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கின. அச்சு முடிந்தபோது தீட்சிதருக்கு வயது அறுபத்தைந்து. இரண்டே ஆண்டுகளில், 1906இல், அவர் காலமானார். நூல் இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை மாணவர்களாகிய நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இடையே ஒரு செய்தி. அச்சுக்கூடத்தில் அந்த வேலை நடந்துகொண்டிருந்த 1902 முதல் 1904 வரையான ஆண்டுகளில், அதே எட்டயபுரம் அரண்மனையில் ஊழியம் பார்த்துக்கொண்டிருந்தார் இருபது வயது இளைஞரான சுப்பிரமணிய பாரதி. சிற்றூரின் ஒரு தெருவில் இசையை ஈய எழுத்தில் கோத்துக்கொண்டிருக்க, மற்றொரு தெருவில் தமிழ்க் கவிதையின் எதிர்காலம் நடந்துகொண்டிருந்தது!

இனி அந்நூலின் குறிகளைப் பார்ப்போம். ஸ்வர எழுத்துகளை மட்டும் எழுதினால் இராகம் வாராது என்பது நம்மில் சிறிது பாடத்தெரிந்தவர்க்கும் விளங்கும். நீலாம்பரியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது. அது அசைந்தால்தான் நீலாம்பரி. அந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். ‘சங்கீத ரத்னாகரம்’ என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டு வடநூல் பதினைந்து வகைக் கமகங்களைக் கூறுகிறது. தீட்சிதர், தம் நாளில் வீணையில் வழங்கியவற்றை ஆராய்ந்து, ஸ்வர எழுத்தின் தலைமேல் இடத்தக்க குறிகளை வகுத்தார். கம்பிதத்துக்கு அலைபோல் ஒரு கோடு. ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளிகள். வளி என்பதற்கு வில்போல் ஒரு வளைவு. ஒதுக்கலுக்கு ஒரு பெருக்கல் குறி. மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் ஒதுக்கி இழுத்து மேல் ஸ்வரத்தைப் பிறப்பிப்பது ஒதுக்கல். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கி ஏறுவது ஏற்ற ஜாரு. அதற்கு மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு கோடு. வழுக்கி இறங்குவது இறக்க ஜாரு; அதற்குக் கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு கோடு. நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒரிகை என்று இன்னும் சில உண்டு.

இப்பெயர்களைச் செவிகொடுத்துக் கேளுங்கள். ஒதுக்கல், ஏற்றம், இறக்கம், கண்டிப்பு! தெலுங்கில் எழுதிய நூலுள், வடமொழி இலக்கணத்தின் நடுவே, வீணைக்காரர் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது புழங்கிய தமிழ்ச் சொற்கள் அப்படியே நிற்கின்றன. கையின் தொழிலுக்குப் பெயர் கையாள்பவனின் மொழியிலேதான் இருக்கும் போலும்.

அச்சுக்கோப்பவரின் பாட்டையும் நினைக்க வேண்டும். தெலுங்கு எழுத்தோ கொம்பும் கொக்கியும் உடையது. அதன் மேலும் கீழும் காலக் கணக்குக் கோடுகள், ஸ்தாயிப் புள்ளிகள், அவற்றின் மேல் இக்கமகக் குறிகள். எந்த அச்சுக்கூடத்துப் பெட்டியிலும் இல்லாத வடிவங்கள் இவை. ஒரு புள்ளி இடம் மாறினால் ஸ்தாயி மாறும். ஒரு கோடு சரிந்தால் ஏற்றம் இறக்கமாகும். எங்கள் பள்ளியில் ஆண்டு மலர் அச்சிட்ட காலத்தில், ஒரு பக்கத்துக்கு மூன்று முறை மெய்ப்புத் திருத்தி, நான்காம் முறையும் பிழை கண்டவன் நான். ஆயிரத்தைந்நூறு பக்கங்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இப்பொழுது என் மாணவரின் கேள்விக்கு விடை கூறலாம். எட்டயபுரத்து நூலில் ஸ்வரத்தின் அசைவுக்கு இத்தனை குறிகள் உள்ளன. ஒலியின் வன்மை மென்மைக்கென்று ஒரு குறியும் இல்லை. மேல்நாட்டான் இரண்டு கோடுகளை ஒரு முனையில் சேர்த்து ஓசையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டினான். தீட்சிதர் ஒற்றைக் கோட்டைச் சாய்த்து ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டினார். பார்வைக்கு ஒன்று மற்றொன்றின் பாதிபோல் இருக்கிறது. பொருளோ வேறு.

(தமிழ் மாணவர்கள் இங்கே ஒரு சொல்லில் மயங்கக்கூடும். சிலப்பதிகாரத்தின் உரையில் மெலிவு, சமன், வலிவு என்று வருவன ஓசையின் மென்மையையும் வன்மையையும் குறிப்பவை அல்ல; கீழ், நடு, மேல் என்னும் மூன்று ஸ்தாயிகளையே குறிப்பன.)

ஏன் அக்குறி இல்லை? அறியாமையால் என்று சொல்ல இயலாது. பாட்டனார் ஐரோப்பியரிடம் வயலின் கற்றவர். பெரிய பாட்டனார் முத்துசுவாமி தீட்சிதர், ஐரோப்பிய பாண்டு வாத்தியத்தின் மெட்டுகளுக்கு வடமொழியில் சொற்களை அமைத்து ‘நோட்டு ஸ்வர’ ஸாஹித்யங்கள் செய்தவர். ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. நூலுக்குத் தூண்டுகோலாக நின்ற சின்னசாமி முதலியாரோ மேல்நாட்டு இசையெழுத்தில் தேர்ந்தவர். கொண்டை ஊசிக் குறி அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்திருந்தது எனலாம். உள்ளே அழைக்கப்படவில்லை.

எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. முதலாவது, தீட்சிதர் குடும்பத்துக்கு இசையின் அளவுகோல் வீணை. வீணைத் தந்தியை மீட்டிய கணமே ஒலி உச்சத்தில் பிறக்கிறது. பிறகு தேய்ந்துகொண்டே போகிறது. ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அதை ஓங்கி வளர்க்க எவராலும் ஆகாது. ஆனால், தேய்ந்துகொண்டிருக்கும் அந்த ஒலியைக்கொண்டே, தந்தியை இழுத்தும் வழுக்கியும், மூன்று நான்கு ஸ்வரங்களைப் பிறப்பிக்கலாம். ஆகவே கருத்தெல்லாம் அசைவின்மேல் சென்றது. இரண்டாவது காரணம் முன்னரே கூறப்பட்டது. நம் இசை ஒருவர் பாட, ஓரிருவர் உடன் வாசிப்பது. முன்னே இருப்பவரின் முகத்தைப் பார்த்தே பக்கவாத்தியக்காரர் அடங்குவார். பார்க்க முடிகிற இடத்தில் எழுத வேண்டிய தேவை எழவில்லை.

நம் முன்னோர் ஓசையின் அளவில் கருத்தின்றி இருந்தனர் என்பது இதனால் பெறப்படாது. நாகசுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேரோடும் வீதியின் இரு முனைக்கும் கேட்கத்தக்க பெருங்கருவி அது. அதே கருவியை மூச்சின் அடக்கத்தால் பூவிதழ் உதிர்வதுபோல் ஒலிக்கச் செய்வர் வல்லவர். நெல்லைச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வாசித்ததைக் கேளுங்கள். மெல்லிய பெண்குரலோடு சரிக்குச் சரியாக நாகசுரம் குழைந்து செல்கிறது. அந்த அடக்கத்தை எந்த ஏட்டிலிருந்தும் அவர் படித்திருக்க முடியாது.

அவ்வாறு எழுதாமல் விட்டதனால் இழப்பு உண்டா? உண்டு என்றே நான் கருதுகிறேன். நம்மிடம் பழைய சான்று ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் கிரந்த எழுத்துக் கல்வெட்டு ஒன்று, ஏழு பிரிவுகளாக ஸ்வரக் கோவைகளைத் தாங்கி நிற்கிறது. ருத்ராசாரியர் என்பவரின் மாணவனாகிய ஓர் அரசன், மாணாக்கரின் நன்மைக்காக அவற்றைப் பொறிக்கச் செய்தான் என்று கல்வெட்டே கூறுகிறது. அதில் சில எழுத்துகளின் தலைமேல் புள்ளிகள் உள்ளன. அப்புள்ளிகளின் பொருளைப் பற்றி அறிஞர்கள் இன்றும் ஒருமுகமாக முடிவு கண்டார்களில்லை. பொறித்த நாளில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆதலால் விளக்கம் பொறிக்கப்படவில்லை. கல் இருக்கிறது, புள்ளி இருக்கிறது, பாடியவரின் மாணவர் மட்டும் இல்லை.

தீட்சிதர் நூலிலும் இந்த இடர் வந்திருக்கக்கூடும். தெலுங்கு எழுத்து அறியாத தமிழ் மாணவர்களுக்கு அது நெடுங்காலம் மூடிய பெட்டியாகவே இருந்தது. சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் அதைத் தமிழில் பகுதி பகுதியாக வெளியிட்ட பின்னரே பலர் அதைத் தொட முடிந்தது. திறந்து பார்த்தவர்களும், ‘இந்த இடத்தில் இந்த அலைக்கோடு எத்தனை அசைவு?’ என்று கேட்கவே செய்தனர். குறி ‘அசை’ என்று சொல்கிறது. எவ்வளவு, எவ்வளவு விரைவாக என்பதை வீணைக்காரரின் விரலிடம் விட்டுவிடுகிறது.

வானொலிக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. 1952ஆம் ஆண்டில் தில்லி வானொலியில் தேசிய வாத்தியக் குழு அமைந்தபோது, ரவிசங்கரும் டி. கே. ஜெயராம ஐயரும் அதனை நடத்தினர். பல மாநிலத்துக் கலைஞர்கள், பல குரு பரம்பரையினர், ஒரே மேடையில் ஒரே பொழுதில். மன்ஹைமில் நேர்ந்த அதே தேவை நமக்கும் வந்துவிட்டது! குழு பெருகப் பெருக, அடங்குவதையும் ஓங்குவதையும் முகம் பார்த்து அறிவது அரிதாகிறது. தனி ஒருவர் பாடும்போதுகூட, ஒலிபெருக்கி வந்த பிறகு, கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் பொறியாளரின் விரல் பாடகரின் தொண்டையில் பாதியாகிவிட்டது. இப்போது என் குரல் உங்களுக்குச் சீராகக் கேட்கிறது என்றால் அப்பெருமை என்னுடையதன்று.

மடிக்கணினியின் சிக்கலுக்கு மீள்வோம். அதனை ஆராய்ந்ததில் இரண்டு தவறுகள் புலப்பட்டன. கணினிக்கு ஓசை என்பது ஓர் எண். மின்னிசைக் கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கென 1983இல் ஏற்பட்ட மிடி என்னும் பொது ஒழுங்கின்படி, ஒரு ஸ்வரத்தின் தாக்குவன்மை 127 என்னும் எண்ணுக்கு மேற்படாது. மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருள், மென்மைக்கு 49, நடுத்தர வன்மைக்கு 80, வன்மைக்கு 96 என்று தானாகவே எண் இடுகிறது. கொண்டை ஊசியின் தொடக்கத்திலும் முடிவிலும் இத்தகைய அளவுக்குறி இருந்தால், இடைப்பட்ட ஸ்வரங்களுக்குப் பகிர்ந்து அளிக்கும். முடிவில் ஒன்றும் எழுதாவிட்டால் எதுவரை அடங்குவது என்று அதற்குத் தெரியாது. மாணவர் எழுதியிருக்கவில்லை. மேலும், குறியின் நுனியைச் சுட்டியால் பிடித்து இழுத்து நீட்டியிருந்தார். அப்படி இழுத்ததில் படம்தான் நீண்டது, ஒலி நீளவில்லை. நுனி எந்த ஸ்வரத்தோடு கட்டப்பட்டிருக்கிறதோ, அக்கட்டை அவிழ்த்து வேறு ஸ்வரத்தில் கட்டினால்தான் கணினி உணரும்.

இரண்டாவது தவறு இன்னும் சுவையானது. கேட்டுப் பார்ப்பதற்காக அவர் தேர்ந்திருந்தது பியானோவின் ஒலி. பியானோவில் சுத்தியல் தந்தியைத் தாக்கிய பிறகு ஒலி தானே தேய்வதன்றி, வாசிப்பவர் நினைத்தபடி வளராது, அடங்காது. கணினிக்குள் ஒரு வீணை உட்கார்ந்திருந்தது என்று அவரிடம் சொன்னேன். வயலினின் ஒலிக்கு மாற்றி, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வன்மையை மாற்றும் வழியை அமைத்த பிறகு அந்த நீண்ட ஸ்வரம் ஒழுங்காக அடங்கியது.

இத்தகைய மென்பொருள்களின் ஆயுளும் நெடிதன்று. 1988இல் தோன்றி, உலகெங்கும் அச்சகத்தாரும் இசைஞரும் கைக்கொண்டிருந்த ஃபினாலே என்னும் மென்பொருளின் வளர்ச்சிப் பணி 2024 ஆகஸ்டில் முடித்துக்கொள்ளப்பட்டது. முப்பத்தாறு ஆண்டுகளாக அதில் எழுதிச் சேர்த்தவர்கள், தம் கோப்புகளை வேறு மென்பொருள்களுக்கு மாற்றிக்கொள்ளும் வேலையில் இறங்கினர். அவ்வாறு மாற்றும்போது ஸ்வரங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். இடம் பிறழ்வனவும் உதிர்வனவும் பெரும்பாலும் கொண்டை ஊசிகளும் அவை போன்ற சிறு குறிகளுமே. ஈயத்தில் கோத்த எட்டயபுரத்து நூல் நூற்றிருபது ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது.

என் மாணவர் விடைபெறுமுன் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. நீலாம்பரித் தாலாட்டின் கடைசி அடியில் ஒலி அடங்கத் தொடங்குகிறது. அந்தக் கொண்டை ஊசியின் விரிந்த முனையை எந்த ஸ்வரத்தில் கட்டுவது? தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த இரண்டு இரவுகளின் இசை, இரண்டு வேறு இடங்களில் அடங்கத் தொடங்கியிருந்தது. வாசித்த நாகசுரக்காரரையே கேட்டு வருமாறு சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் வந்தார். “அவருக்கு இன்ன ஸ்வரம் என்று கணக்கில்லையாம், ஐயா. பள்ளியறைக் கதவைச் சாத்துகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறாராம். கதவு அசையத் தொடங்கினால் அடக்குவாராம்” என்றார்.

திரையில் அந்தக் குறியை அவர் அழித்துவிடவில்லை. கடைசி அடியின் முதல் ஸ்வரத்தில் அதைக் கட்டி, அதன் கீழே சிறிய எழுத்தில், தமிழில், ‘கதவைப் பார்த்து’ என்று தட்டச்சு செய்திருந்தார்.